எடை குறைப்பு

3 செப்டம்பர் 2006

அன்புள்ள லாவ் காங்,

நலமா என்று கேட்டால் "நலம்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் வேறு விதமாகக் கேட்கிறேன். இருமல் நின்றதா? அந்த மலைமேல் மூச்சு விடவே காற்றுப் போதாது என்கிறார்கள். நீ அதிலும் சிகரெட் பிடிக்கிறாய் என்று ஹாய்ஷெங் மனைவி யிங்சியா அண்ணி எனக்கு எழுதியிருக்கிறாள். பொய் சொல்லாதே, எனக்கு அங்கே ஆள் இருக்கிறது.

பார்சலில் நம் ஊர் ஜியாங்சி மிளகாய் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று ஹாய்ஷெங் வீட்டுக்கு. தினமும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாயாமே. பைலட் பயிற்சிப் பள்ளியில் அவனோடு ஒரே கட்டிலில் மேலும் கீழும் படுத்தவன் என்பதற்காக, காலமெல்லாம் அவன் பெண்டாட்டி கையால் தின்றுகொண்டிருப்பாயா? பாத்திரமாவது கழுவிக் கொடு.

இங்கே எல்லோருக்கும் ஒரே பேச்சு, எடை. வெளிநாட்டுக்காரன் எஞ்சின் தரமாட்டேன் என்று கையை விரித்த பிறகு நம் ஊர் எஞ்சின்தான் என்று ஆகிவிட்டது. குற்றம் சொல்ல முடியாத எஞ்சின், ஆனால் அவ்வளவு இழுக்காது. எஞ்சினைப் பெரிதாக்க முடியாதபோது ஹெலிகாப்டர் இளைக்கத்தானே வேண்டும்? துப்பாக்கியைக் குறைக்க முடியாது, ஏவுகணையைக் குறைக்க முடியாது. அது சண்டைக்குப் போகிற வண்டி. மிச்சமிருப்பது எலும்பும் தோலும். அதைத்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறோம். தலைமை வடிவமைப்பாளர் மெங் ஐயா ஒவ்வொரு மேசையாக வந்து நின்று, "இன்னிக்கு என்ன கழிச்சீங்க?" என்று கேட்கிறார். கேன்டீன் சமையல்காரனும் அதைக் கேட்டுவிட்டான் போல. பன்றிக்கறியில் கறியைக் காணோம், மிளகாய் மட்டும் மிதக்கிறது.

என் பிரிவுக்கு வால் பகுதி. வால் விசிறிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு இருக்கிறதே, அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளை மெலிதாக்கச் சொல்லியிருக்கிறார்கள். மெலிதாக்கிவிட்டோம்.

நீ வாங்கி வைத்த ஹீட்டர் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. உனக்காகப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

உன்,
பெய்ரோங்

19 செப்டம்பர் 2006

அன்பு பெய்ரோங்குக்கு,

முதலில், நம் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டுகிற பாதுகாப்புப் பிரிவு நண்பருக்கு வணக்கம். எண்கள் எழுதவில்லை ஐயா, மலையின் பெயரும் எழுதவில்லை. கவலையில்லாமல் படியுங்கள்.

மிளகாய் வந்தது. ஹாய்ஷெங் ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, "இதைத்தான் ஏவுகணைக்குப் பதிலாக் கட்டணும், எடையும் கம்மி"ன்னான். யிங்சியா அண்ணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவர்கள் மகள் டாவ்டாவ் என் மடியில் ஏறி உட்கார்ந்து, "மாமா, உங்க ஹெலிகாப்டருக்குப் பசிக்குமா?" என்று கேட்கிறாள். பசிக்காமலா, உன் அத்தைதான் அதைப் பட்டினி போடுகிறாளே என்றேன். பாத்திரம் கழுவினேன், நம்பு.

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். இத்தனை வருஷம் பிறர் செய்த ஹெலிகாப்டர்களில் உட்கார்ந்தவன் நான். இன்னொருவன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரிதான் இருக்கும். இது அப்படியில்லை. கையை அசைப்பதற்கு முன்பே திரும்புகிறது. முன்னாலிருந்து பார்த்தால் ஒரு ஆள் அகலம்தான், கத்தியைக் குத்திட்டு நிறுத்தின மாதிரி. ஆட்டிடையர்கள் தூரத்தில் நின்று பார்க்கிறார்கள். ஆடுகள் ஓடுகின்றன, அவர்கள் ஓடுவதில்லை.

ஒன்று மட்டும். உயரத்தில் சுமையோடு இடது பக்கம் திருப்பினால், வால் விசிறியை ஆட்டுவிக்கிற கால்மிதிகளில் ஒரு நடுக்கம் வருகிறது. காலுக்கடியில் யாரோ மாவு சலிக்கிற மாதிரி. ஹாய்ஷெங்குக்கும் வந்ததாம். எழுதிக் கொடுத்தோம். "மலைக் காற்று அப்படித்தான்" என்று பதில் வந்தது. வால்காரர்கள் நீங்கள்தானே, கொஞ்சம் பாருங்கள். என் பெண்டாட்டி என்பதற்காக அடக்கி வாசிக்காதே. தப்பென்று பட்டால் தப்பென்று சொல்லு.

இருமல் இல்லை. சிகரெட் கொஞ்சம்.

காங்

10 அக்டோபர் 2006

அன்புள்ள லாவ் காங்,

தேசிய தின விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். நான் சோதனைக்கூடத்திலேயே இருந்தேன். நீ எழுதின நடுக்கம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மெலிதாக்கிய பிராக்கெட்டைச் சோதனைப் பொறியில் பூட்டி, ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். விடுமுறை முடிவதற்குள் அது விரிசல் விட்டது. இன்னொன்றைப் பூட்டினோம். அதுவும் அதே இடத்தில்.

மெங் ஐயாவிடம் இரண்டையும் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார்.

"பொறியில பூட்டினதுல கோணல் இருக்கும்"னார்.

"ரெண்டு தடவையுமா ஐயா?"

"பெய்ரோங், இந்த மாசக் கடைசியில தலைநகரத்துப் பெரியவங்க மலைக்கு வந்து பார்க்கப் போறாங்க. பழைய கனத்துல பிராக்கெட் போட்டா வண்டி அந்த உயரத்துக்கு ஏறாது. ஏறலைன்னா எஞ்சினும் போச்சு, வண்டியும் போச்சு. நான் இதுக்குள்ள நுழைஞ்சப்போ என் தலையில முடி இருந்துச்சு, தெரியுமா?"

"தெரியும். அதுக்காகப் பறக்கவிட முடியாது."

அப்போதுதான் அவர் அதைக் கேட்டார். "உன் புருஷன் ஓட்டுறான்னு பயப்படுறியா?"

எனக்குக் காது சுட்டது. "யார் ஓட்டினாலும் இதேதான் சொல்வேன். கனமான பிராக்கெட் தயாராகிற வரைக்கும் பறக்கக் கூடாது" என்றேன். என் பெயரைப் போட்டு எழுதியும் கொடுத்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை லாவ் காங். கூடத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன், விரிசல் விட்ட துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நேற்றிலிருந்து கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. பரவாயில்லை. நீ சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன்.

குளிருக்கு அந்தக் கம்பளி உள்ளாடையைப் போடு, அழகு பார்க்காதே.

உன்,
பெய்ரோங்

21 அக்டோபர் 2006

பெய்ரோங்,

நீ என்னதான் எழுதிக் கொடுத்தாய்?

இன்று காலை படைப்பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், டீ ஊற்றினார். அவர் டீ ஊற்றினாலே விஷயம் நன்றாக இருக்காது. "உன் வீட்டுக்காரம்மா வால் பகுதியைப் பத்தி ஆட்சேபம் எழுதியிருக்காங்க. சொந்தக்காரங்க விவகாரம் கலக்கக் கூடாது. கடைசிப் பறப்புலேருந்து உன்னை எடுத்துட்டோம்"னார்.

"அப்ப பறப்பை நிறுத்திட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

"நிறுத்தலை. ஹாய்ஷெங் ஓட்டுவான்."

வெளியே வந்தால் பயல்கள் சிரிக்கிறார்கள். "காங் அண்ணே, பறக்கணும்னா வீட்டுல அனுமதிச் சீட்டு வாங்கிட்டு வாங்க" என்கிறான் ஒருத்தன். என் வயதில் பாதி அவனுக்கு. அடித்திருப்பேன், ஹாய்ஷெங் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவனிடம் விரிசலைப் பற்றிச் சொன்னேன். ஓட்டாதே என்றேன். "நானும் மாட்டேன்னா அடுத்தவன் அந்தப் பொடிப்பயல்தான். அவனுக்கு இந்த வண்டியில பழக்கமே பத்தாது. நடுக்கம் வந்தா எனக்காவது இறக்கத் தெரியும்"னான். அப்புறம் அவன் வழக்கம்போல இளித்தான். "உன் பொண்டாட்டி படிச்சவ, உன்னைக் காப்பாத்திட்டா. என் பொண்டாட்டிக்கு நூடுல்ஸ் இழுக்கத்தான் தெரியும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு விளையாட்டாக இல்லை.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லு. என்னை எடுக்கச் சொல்லி நீ கேட்டாயா?

காங்

27 அக்டோபர் 2006

லாவ் காங்,

இல்லை. கேட்கவில்லை. பறப்பை நிறுத்துங்கள் என்றுதான் கேட்டேன். உன் பெயர் என் வாயில் வரவே இல்லை. அவர்கள் நான் சொன்னதை விட்டுவிட்டு, நான் யார் பெண்டாட்டி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிராக்கெட்டை மாற்ற நாளாகும், பைலட்டை மாற்ற ஒரு நிமிஷம் போதும் அல்லவா?

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. படித்த கையோடு மெங் ஐயாவிடம் ஓடினேன். அவர் தலைநகரத்துக்குப் போயிருக்கிறார். மலைக்குப் போன் போட்டேன். சொந்த விஷயத்துக்கு இணைப்புக் கிடையாது என்றாள் அந்தப் பெண். சொந்த விஷயம் இல்லை என்று கத்தினேன். வைத்துவிட்டாள். மெங் ஐயாவின் உதவியாளரைப் பிடித்து என் பெயரில் அவசரச் செய்தி அனுப்பச் சொன்னேன். "அனுப்பறேன்"னான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இதை உடனே ஹாய்ஷெங்கிடம் காட்டு. ஹாய்ஷெங், அண்ணா, நான் பெய்ரோங் சொல்கிறேன். நடுக்கம் வந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிராக்கெட் முறிந்தால் தண்டு போகும், தண்டு போனால் வால் விசிறி நின்றுவிடும். அந்த உயரத்தில், அந்தச் சுமையோடு, உங்கள் கைத்திறமைக்கு அங்கே வேலையே இருக்காது. வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளுங்கள். எதையாவது சொல்லுங்கள். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை.

லாவ் காங், என்மேல் உள்ள கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள். இதை முதலில் செய்.

பெய்ரோங்

9 நவம்பர் 2006

பெய்ரோங்,

உன் கடிதம் வந்தபோது ஹாய்ஷெங்கைப் புதைத்தாகிவிட்டது.

அவசரச் செய்தி எதுவும் இங்கே வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

பெரியவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன். ஹாய்ஷெங் முதலில் அழகாகத்தான் ஏறினான். எல்லோரும் கை தட்டினார்கள். இடது பக்கம் திருப்பினான். வானொலியில் அவன் குரல் கேட்டது. "மிதி வேலை செய்யலை"ன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான், உப்பு கம்மியாயிருக்கு என்கிற மாதிரி. பிறகு வண்டி தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது. அவன் எஞ்சினை அணைத்துப் பார்த்தான், மூக்கைக் கீழே தள்ளிப் பார்த்தான். ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே இருந்தான். கீழிருந்து பார்த்த எனக்கு அவன் அடுத்து என்ன செய்வான் என்று தெரிந்தது, அதையே செய்தான். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். தரை வந்துவிட்டது. அவனோடு பின்னிருக்கையில் இருந்த சோதனைப் பொறியாளர் லோவும் போனார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

தீயை அணைத்துவிட்டு நான்தான் யிங்சியா அண்ணியிடம் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "வா, இன்னிக்குத்தான் நீ பறக்கலையே, சீக்கிரமே வந்துட்ட. அவர் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம்"னு சொல்லி எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்தாள். அந்தக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்துதான் சொன்னேன்.

நீ சொன்னதுதான் சரி. கேட்டதைக் கேட்டாய், கேட்காததைக் கேட்கவில்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உன் கையெழுத்துத் தெரிகிற பக்கத்தைக் கவிழ்த்து வைக்கிறேன். நான் உட்கார வேண்டிய இருக்கையில் அவன் உட்கார்ந்தான். அதற்குக் காரணம் தேடினால் என் மூளை சுற்றிச் சுற்றி உன்னிடம்தான் வந்து நிற்கிறது.

கொஞ்ச நாள் எழுதாதே.

காங்

2 டிசம்பர் 2006

லாவ் காங்,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

விசாரணைக்காக மலைக்கு வந்தேன். நீ எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். இளைத்துப் போயிருந்தாய். நான் பேசி முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்தாய். சாப்பாட்டு நேரத்தில் உன் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு நான் வருவதைப் பார்த்ததும் நீ எழுந்து போய்விட்டாய். கோபமில்லை. நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடாமல்தான் போனேன்.

வாலைத் துண்டு துண்டாகத் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். நான் பொறியில் பார்த்த அதே இடத்தில்தான் முறிந்திருந்தது. இப்போது கனமான பிராக்கெட் செய்கிறார்கள். அதற்கான எடையை வேறு எங்கெங்கோ தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்போது கிடைக்காதது இப்போது கிடைக்கிறது. என் ஆட்சேபத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். கேன்டீனில் என் மேசைக்கு வராதவர்களெல்லாம் வருகிறார்கள். ஆரஞ்சுப் பழம் கொடுக்கிறார்கள். மெங் ஐயாவை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று என்னிடம் வந்து, "நீ சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்"னார். "சரியாப் போகணும்னு நான் வேண்டிக்கலை ஐயா"ன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் எழுத வந்தது இது இல்லை.

மலைமேல் வண்டி விழுந்துவிட்டது என்று முதலில் செய்தி வந்தது. பெயர் வரவில்லை. உன்னை எடுத்துவிட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் கடைசி நேரத்தில் மாற்றியிருந்தால்? நீ சண்டை போட்டு ஏறியிருந்தால்? உன்னைத் தெரியாதா எனக்கு? நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒருவர் வந்து பெயர்களைச் சொன்னார். ஹாய்ஷெங், லோவ். உன் பெயர் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன் லாவ் காங். அழுகையில்லை, சிரிப்புதான். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. நமக்குச் சோறு போட்டவள் விதவையாகிவிட்டாள், டாவ்டாவுக்கு அப்பா இல்லை, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பிரிவுப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். அவளுடைய அண்ணன் மலைமேல்தான் மெக்கானிக். இதற்குள் யிங்சியா அண்ணி காதுக்கும் போயிருக்கும்.

மலையில் அவள் வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பியது அதனால்தான். நீ எழுந்து போனதைத் தாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஆட்சேபம் எழுதியதற்கு நான் வருந்தவில்லை. நாளைக்கே மறுபடியும் எழுதுவேன். ஆனால் அன்று சிரித்தவளும் நான்தான். இப்படிப்பட்டவளோடு இருக்க உனக்கு முடியாது என்றால் சொல்லிவிடு. எந்தக் காகிதம் அனுப்பினாலும் மறுக்க மாட்டேன். உன் துணிமணிகளை மடித்துத் தனியே வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெய்ரோங்

11 ஜனவரி 2007

பெய்ரோங்,

உன் கடிதத்தைப் பல நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

கனமான பிராக்கெட் போட்ட வண்டி வந்தது. யார் ஓட்டுவது என்று தலைவர் கேட்டபோது நான் எழுந்து நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதே உயரம், அதே சுமை, இடது பக்கம் திருப்பினேன். மிதிகள் நடுங்கவில்லை. நல்ல வண்டியாகிவிட்டது. இறங்கி வந்ததும் பயல்கள் தோளைத் தட்டினார்கள். எனக்கு வாந்தி வந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய் எடுத்தேன்.

அன்று மாலை வழக்கம்போல யிங்சியா அண்ணி வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். ஹாய்ஷெங் போன பிறகும் விடாமல் போய்க்கொண்டுதான் இருந்தேன். கரி சுமந்து கொடுப்பேன், டாவ்டாவைப் பள்ளியில் விடுவேன். கோட்டைக் கழற்றும்போது உன் கடிதம் விழுந்துவிட்டது. அண்ணி எடுத்துக் கொடுத்தாள்.

"பெய்ரோங்கா? என்ன எழுதியிருக்கா? படி."

படித்தேன். நீ சுவரைப் பிடித்து நின்ற இடத்தில் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட? மேல படி. எனக்கு ஏற்கெனவே தெரியும், உன் வாயால கேட்கணும்."

முழுவதும் படித்தேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள். கை நிற்கவே இல்லை. முடிந்ததும், "நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்"னாள். மாவைத் திருப்பிப் போட்டபடி, "அவகிட்ட அதைச் சொல்லு"ன்னாள்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"ஆனா நீ இனிமே இங்க சாப்பிட வராதே காங். தினமும் கதவு தட்டுற சத்தம் கேக்குது, தினமும் அவரில்லை, நீ நிக்கிற. நீ நல்லவன்தான். என்னால முடியல."

டாவ்டாவ் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

திடலைக் குறுக்கே கடந்து நடந்தேன். கயிறு போட்டுக் கட்டிய வண்டிகள் காற்றில் முனகிக்கொண்டு நின்றன. குளிர் முகத்தை அறுத்தது. எனக்குப் பசித்தது, பெய்ரோங். ஹாய்ஷெங் போனதிலிருந்து அப்படிப் பசித்ததே இல்லை. ஆட்டுக்கறி சூப்பும் சூடான ரொட்டியும் வேண்டும் போலிருந்தது. நான் உயிரோடு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நடந்துகொண்டே, வாய்விட்டு, ஒரு தடவை சிரித்தேன்.

இதை இந்த மலையில் யாரிடமும் சொல்ல முடியாது. அண்ணியிடம் சொல்ல முடியாது, தலைவரிடம் முடியாது. உன் ஒருத்தியிடம்தான் சொல்ல முடியும்.

அடுத்த மாதம் வருகிற நம் சீனப் புத்தாண்டுக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன், கொடுத்துவிட்டார்கள். வருகிறேன். வந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீ ஒன்றும் பேசாவிட்டாலும் சரி.

காங்